காட்பாடியில் ஏறி மாஜுலியில் இறங்க: ரயிலும் படகுமாகப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், வங்காளியும் அஸ்ஸாமியும் காதில் விழும். அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறவர்களில் நிறையப் பேர் வந்து இறங்கும் இடம் காட்பாடி ஜங்ஷன். கன்னியாகுமரிக்கும் திப்ருகருக்கும் இடையே ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ் அங்கே நின்று போகிறது. மொத்தம் 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் வண்டி. இந்தியாவில் இதைவிட அதிக தூரம் போகும் ரயில் வேறில்லை. அவர்களைக் கொண்டுவந்து விடும் அதே வண்டியில் நாம் எதிர்த்திசையில் ஏறினால், பெட்டி மாறாமல் அஸ்ஸாமில் மரியானி வரை போகலாம். அங்கிருந்து ஜோர்ஹாட் நகரம், அப்புறம் பிரம்மபுத்திராவில் படகு. அக்கரையில் மாஜுலி.

ஆற்றின் நடுவே இருக்கும் தீவு அது. உலகின் மிகப் பெரிய ஆற்றுத் தீவு என்று 2016இல் கின்னஸ் பதிவு கிடைத்தது. அதே ஆண்டு தனி மாவட்டமாகவும் ஆனது. வைணவ மடங்கள், முகமூடி செய்கிறவர்கள், கால் நட்டுக் கட்டிய மூங்கில் வீடுகள், மணல் திட்டுகள், குளிர்காலப் பறவைகள், மூடுபனி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. கேமரா வாங்கிக் கோட்டை அகழியையும் அமிர்தியையும் ஏலகிரியையும் எடுத்து முடித்தவர்கள் அடுத்து எங்கே போவது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தத் தீவைத்தான். ஆற்காடு, ஆரணி, குடியாத்தம், திருவண்ணாமலை என்று எந்தப் பக்கத்துக்காரராக இருந்தாலும் காட்பாடி வந்துவிட்டால் போதும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். காலையில் படகேறிப் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்ற கணக்கில் மாஜுலிக்குப் போகாதீர்கள். தீவில் குறைந்தது மூன்று ராத்திரி தங்கவேண்டும். காரணம் கீழே வரும்.

எந்த மாதம்

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை வெள்ளக் காலம். அந்தச் சமயத்தில் அங்கே உள்ளவர்களுக்கே நடமாட்டம் கஷ்டம், நாம் போய் இடைஞ்சல் செய்யக்கூடாது. நவம்பர் வாக்கில், வடநாட்டுப் பஞ்சாங்கத்தின் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி, ராஸ் திருவிழா நடக்கும். மடங்களிலும் ஊர்ப் பந்தல்களிலும் ராத்திரி முழுக்கக் கிருஷ்ண லீலை நாடகம். அதை எடுக்க ஆசைப்பட்டால் தங்கும் இடத்தை வெகு முன்னதாகவே பேசிவையுங்கள், தீவே நிரம்பி வழியும். டிசம்பர், ஜனவரியில் கடுகு பூத்து வயல் மஞ்சளாகக் கிடக்கும்; காலையில் பனி மூட்டம்; பறவைகளும் வந்திருக்கும். பிப்ரவரியில் அங்குள்ள பழங்குடியினரான மிசிங் மக்களின் விதைப்புத் திருவிழாவான அலி ஆயே லிகாங் வரும். அது அஸ்ஸாமிய ஃபாகுன் மாதத்தின் முதல் புதன்கிழமை.

முதல் தடவை போகிறவர்களுக்கு ஜனவரிதான் நல்லது என்பது என் கருத்து. கூட்டமும் குறைவு, நம் பொங்கல் விடுமுறையையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ராத்திரிக் குளிர் பத்து டிகிரி பக்கம் இறங்கும். ஏலகிரிக்குப் போட்டுப் போகும் மெல்லிய ஸ்வெட்டர் அதற்குப் போதாது.

டிக்கெட்

முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். 2024 நவம்பருக்கு முன்பு இது 120 நாளாக இருந்தது. பழைய பழக்கத்தில் தேதியைக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். காட்பாடிக்குக் குறியீடு கே.பி.டி., மரியானிக்கு எம்.எக்ஸ்.என். வண்டி எந்தெந்தக் கிழமை, எத்தனை மணி என்பதை ஐ.ஆர்.சி.டி.சி. செயலியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், கால அட்டவணை அவ்வப்போது மாறுகிறது. காட்பாடியிலிருந்து மரியானி போய்ச் சேர இரண்டரை நாள் வரை ஆகும் என்று வைத்துக்கொண்டு மற்றதைத் திட்டமிடுங்கள்.

நேர் வண்டியில் இடம் கிடைக்கவில்லையா, பெங்களூரிலிருந்து குவாஹாத்தி போகும் வண்டிகளும் காட்பாடி வழியாகத்தான் போகின்றன. குவாஹாத்தியில் இறங்கி ஒரு ராத்திரி தங்கிவிட்டு, அங்கிருந்து ஜோர்ஹாட் டவுன் போகும் ஜனசதாப்தியில் ஏறலாம். போகும்போது ரயில், வரும்போது குவாஹாத்தியிலிருந்து சென்னைக்கு விமானம் என்று பிரித்துக்கொண்டால் விடுமுறை கொஞ்சம் மிச்சமாகும். இரண்டு பக்கமும் விமானத்தில் போவதை மட்டும் நான் சொல்லமாட்டேன். நிலம் மாறிக்கொண்டே போவதை ஜன்னலில் பார்த்துவிட்டு அந்த ஆற்றங்கரையில் போய் நிற்பதே தனி.

படம் எடுக்க ஸ்லீப்பர் நல்லதா ஏ.சி. நல்லதா என்று எல்லோரும் கேட்பார்கள். ஸ்லீப்பரில் ஜன்னல் திறக்கும், கம்பி இடையில் லென்ஸ் நுழையும், காற்றும் வெளிச்சமும் நேராக வரும். ஆனால் இரண்டரை நாள் தூசியும் கூட்டமும் கேமராவுக்கும் உங்களுக்கும் சோர்வுதான். மூன்றடுக்கு ஏ.சி.யில் பொருளுக்குப் பத்திரம், தூக்கமும் வரும். கண்ணாடி அழுக்காக இருக்கும், லேசான சாயமும் இருக்கும். புதிதாகப் போகிறவர்கள் ஏ.சி.யையே எடுங்கள். பெரிய ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது பிளாட்பாரப் பக்கத்து ஜன்னலை வெளியிலிருந்து ஈரத்துணியால் துடைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

என்ன எடுத்துப் போவது

உள்ளதை வைத்துக்கொண்டே போகலாம், புதிதாக எதையும் வாங்கவேண்டாம். கிட் லென்ஸ் ஒன்று, 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 ஒன்று இருந்தால் தீவில் முக்கால்வாசி வேலை நடந்துவிடும். பறவைக்கு 70-300 மாதிரி ஒன்று வேண்டும். நண்பர்களிடம் இரவல் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். செல்போன் மட்டும் இருக்கிறவர்களும் தயங்காமல் வரலாம். பனியும் ஆறும் வானமும் அகலமான காட்சிகள்தான், போனுக்கு நன்றாகவே அகப்படும்.

இவற்றைவிட முக்கியமானவை சில்லறைச் சாமான்கள். கூடுதல் பேட்டரி இரண்டாவது இருக்கட்டும். குளிரில் சீக்கிரம் இறங்கும், தீவில் மின்சாரமும் போய்ப் போய் வரும். பெரிய பவர் பேங்க் ஒன்று. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். மணல் திட்டில் காற்றடித்தால் லென்ஸ் மாற்றவே கூடாது, அதனால் அங்கே போகும்போது எந்த லென்ஸ் என்று முன்பே முடிவு செய்து மாட்டிக்கொள்ளுங்கள். கேமராவைப் போட்டு இறுக்கிக் கட்ட தடித்த பிளாஸ்டிக் பை ஒன்று படகுக்கு வேண்டும். ரயிலில் பையைச் சீட்டுக்கு அடியில் பூட்ட ஒரு சங்கிலி.

டிரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஜோர்ஹாட்டில் விமானப்படைத் தளம் இருக்கிறது. அந்த வான்பரப்பில் கண்டபடி பறக்கவிட்டால் வம்பு.

சில வடகிழக்கு மாநிலங்களுக்குள் போகக் கேட்கும் இன்னர் லைன் பர்மிட் என்ற அனுமதிச் சீட்டு அஸ்ஸாமுக்குத் தேவையில்லை. ஆதார் அட்டையும் ஒரு நகலும் கையில் இருந்தால் சரி. கையில் ரொக்கமும் கொஞ்சம் வையுங்கள், நெட்வொர்க் இல்லாத நேரத்தில் ஜிபே உதவாது.

கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வேலூர்க் கோட்டை அகழிக்குப் போய்ப் பயிற்சி எடுங்கள். தண்ணீரில் மதில் நிழல் விழும் அந்த நேரத்தில், வானத்துக்கும் தண்ணீருக்கும் இடையே வெளிச்சத்தை எப்படிச் சமன் செய்வது என்று கை பழகிவிடும். மாஜுலியிலும் வேலை அதேதான்.

ரயிலில்

இந்த வண்டியில் உங்களோடு வருகிறவர்களில் பலர் ஆஸ்பத்திரியிலிருந்து ஊர் திரும்புகிறவர்களாக இருப்பார்கள். ஆபரேஷன் முடிந்து வருகிறவர்கள், ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டிருப்பவர்கள். கீழ் படுக்கை உங்களுடையதாக இருந்து அவர்கள் கேட்டால் கொடுத்துவிடுங்கள். அவர்களைப் படம் எடுக்காதீர்கள். பேச்சு கொடுங்கள், வேலூர்க்காரர் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிடும். மாஜுலி போகிறேன் என்றால் எந்த மாதத்தில் பனி கலையும், எந்தப் பக்கம் படகு நிற்கும் என்பது வரைக்கும் சொல்லுவார்கள்.

முதல் ராத்திரிக்குப் பொடி தடவிய இட்லி, அடுத்த நாள் மதியம் வரை புளியோதரை தாங்கும். அப்புறம் வண்டியில் கிடைப்பதுதான்.

ஜன்னலில் எதற்காகக் காத்திருக்கவேண்டும் என்று தெரிந்திருந்தால் சலிப்பு வராது. விஜயவாடாவில் கிருஷ்ணா, ராஜமுந்திரியில் கோதாவரி. ஒடிசாவுக்குள் நுழைந்தபின் சிலிக்கா ஏரி, தண்டவாளத்தை ஒட்டியே கொஞ்ச தூரம் கூட வரும். வடக்கே போகும்போது ஏரி வலது பக்கம். வங்கத்தில் ஃபராக்கா அணைமேல் கங்கையைத் தாண்டும். கடைசியில் குவாஹாத்திக்கு முன்னால் பிரம்மபுத்திரா. இவற்றில் எது பகலில் வரும் என்பது வண்டி நேரத்தைப் பொறுத்தது. செயலியில் நிலையங்களின் நேரத்தைப் பார்த்துக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். விசாகப்பட்டினத்தில் எஞ்சினை மறுமுனையில் மாட்டி வண்டி எதிர்ப்பக்கமாகப் புறப்பட்டால், அதுவரை வலது பக்கமாக இருந்த ஜன்னல் இடது பக்கமாகிவிடும். சிலிக்காவுக்காக இடம் பிடிக்கிறவர்கள் இதைக் கணக்கில் வைக்கவேண்டும்.

ஓடும் வண்டியிலிருந்து எடுக்க ஷட்டர் வேகம் 1/1000க்குக் குறையக்கூடாது. பக்கத்துக் கம்பமும் செடியும் எப்படியும் இழுபடும், கண்ணைத் தூரத்தில் வையுங்கள். ஏ.சி. கண்ணாடி என்றால் லென்ஸை ஒட்டவைத்து, சுற்றிலும் கறுப்புத் துணியைப் போர்த்திவிட்டால் உள்ளே எரியும் விளக்கின் பிம்பம் விழாது. கதவருகே நின்று தொங்கிக்கொண்டு எடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், எந்தப் படமும் அதற்கு ஈடில்லை. பெரிய பாலங்களில் காவலர்கள் நிற்பார்கள். அங்கே கேமராவை இறக்கிவிட்டுக் கண்ணால் பாருங்கள். ஏ.சி. பெட்டியிலிருந்து பிளாட்பாரத்துக்கு இறங்கியவுடன் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸில் நீராவி படிந்துவிடும். பைக்குள்ளேயே கால் மணி நேரம் இருக்கட்டும்.

மரியானியிலிருந்து துறை வரை

மரியானியிலிருந்து ஜோர்ஹாட் சுமார் 18 கிலோமீட்டர், ஆட்டோவும் காரும் கிடைக்கும். வண்டி எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தாலும் அன்று படகைத் துரத்தாதீர்கள். இவ்வளவு தூரம் ஓடி வரும் ரயில் சில மணி தாமதமாவது சகஜம். ஜோர்ஹாட்டில் குளித்துத் தூங்கி எழுந்து மறுநாள் காலை புறப்படுங்கள்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் மரியானிக்குப் பக்கத்திலேயே ஹொல்லோங்காபார் கிப்பன் சரணாலயம் இருக்கிறது. இந்தியாவில் வாலில்லாக் குரங்கு வகை ஹூலக் கிப்பன்தான்; அதை அங்கே பார்க்கலாம். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே தீவு மாதிரி மிஞ்சி நிற்கும் காடு அது. விடியற்காலையில் போகவேண்டும். மர உச்சியில் எதிர்வெளிச்சத்தில் இருக்கும் என்பதால் படம் எடுப்பது கஷ்டம், குரலைக் கேட்பதற்காகவே போகலாம்.

ஜோர்ஹாட்டிலிருந்து நிமாத்தி காட் என்ற படகுத்துறை 14 கிலோமீட்டர். அங்கிருந்து மாஜுலியின் கமலாபாரித் துறைக்குப் படகு.

படகு

இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவார்கள். துறை என்றால் கான்கிரீட் மேடை, பலகை, டிக்கெட் கவுண்டர் என்று நினைத்துப் போனால் மணலும் மூங்கிலும் பலகையும்தான் இருக்கும். ஆற்றின் மட்டம் மாற மாறத் துறையையும் நகர்த்துவார்கள். மேப்பில் குறித்து வைத்த புள்ளி போன வருஷத்துத் துறையாக இருக்கலாம். ஜோர்ஹாட்டில் ஆட்டோக்காரரிடம் கேட்டுக்கொண்டு போவதே நல்லது.

அரசின் உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துத் துறை படகுகளை நடத்துகிறது. மனிதர்களோடு மோட்டார் சைக்கிள், கார், அரிசி மூட்டை, ஆடு எல்லாம் ஏறும். கார் ஏறும்போது கவனித்துப் பாருங்கள்: கரைக்கும் படகுக்கும் நடுவே இரண்டு பலகை, சக்கரம் பலகையைவிட்டு விலகாமல் இருக்க ஒருவர் முன்னால் நின்று கையசைப்பார், மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கேமராவைத் தயாராக வைத்திருக்கவேண்டிய நேரம் அது. தள்ளி நின்று எடுங்கள், பலகை ஓரத்தில் நிற்காதீர்கள்.

நீரோட்டத்தைப் பொறுத்து ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். காலையில் முதல் படகு ஏழு, எட்டு மணிவாக்கில். பனி அதிகமாக இருந்தால் கலையும் வரை புறப்படாது. யாரையும் அவசரப்படுத்தாதீர்கள், ஆற்றில் மணல் மேடு எங்கே இருக்கிறது என்று படகோட்டி கண்ணால் பார்த்துத்தான் போகிறார். 2021 செப்டம்பர் 8 அன்று நிமாத்திக்கு அருகே இரண்டு படகுகள் மோதி விபத்தாகி, அதன்பின் ஒற்றை எஞ்சின் தனியார் படகுகளுக்குத் தடை வந்தது. உயிர்காப்புச் சட்டை கொடுத்தால் மறுக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். கேமரா வாரை அதற்கு மேலே மாட்டிக்கொள்ளலாம்.

படகில் முக்காலி பயன்படாது, எஞ்சின் அதிர்வு கால் வழியாக ஏறிப் படத்தை ஆட்டிவிடும். கம்பியில் முழங்கையை ஊன்றினாலும் அதேதான். உடம்போடு கையை ஒட்டி வைத்து 1/500க்கு மேல் எடுங்கள். காலைப் படகில் சூரியன் பெரும்பாலும் நமக்குப் பின்பக்கம் இருக்கும். பின்பக்கம் திரும்பி நின்றால் நாம் விட்டு வந்த கரையும், மீனவர்களின் ஒல்லிப் படகுகளும் கறுப்பு உருவங்களாகப் பனிக்குள் நிற்கும். எல்லோரும் முன்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நீங்கள் திரும்பி நில்லுங்கள்.

பனியை எடுக்கும்போது கேமரா ஏமாறும். வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை முக்காலிலிருந்து ஒரு ஸ்டாப் வரை கூட்டிவையுங்கள். போனில் எடுப்பவர்கள் திரையைத் தொட்டு வெளிச்சக் கோட்டை மேலே இழுத்தால் போதும்.

வெளிச்சத்தின் கணக்கு

மூன்று ராத்திரி தங்கவேண்டும் என்றேனே, காரணம் இதுதான். நாடு முழுக்க ஒரே கடிகாரம், ஆனால் மாஜுலி வேலூருக்கு வெகு கிழக்கே இருக்கிறது. டிசம்பர் கடைசியில் வேலூரில் சூரியன் மறைய ஆறு மணியை நெருங்கும். மாஜுலியில் நாலரைக்கெல்லாம் மறைந்துவிடும். மூன்றரை மணிக்கே வெயில் பொன்னிறமாகிவிடும். நம் ஊர்ப் பழக்கத்தில் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்து எழுந்து ஐந்து மணிக்குக் கேமராவை எடுத்தால் வெளியே இருட்டு.

தீவிலிருந்து ஜோர்ஹாட் திரும்பும் கடைசிப் படகும் கிட்டத்தட்ட அந்த மூன்று, நான்கு மணி வாக்கில்தான். ஒரே நாளில் திரும்புகிறவர்கள் வெளிச்சம் நன்றாக ஆகும் நேரத்தில் துறையில் வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள். காலையிலும் அவர்கள் வந்து சேர்வதற்குள் பனி கலைந்து வெயில் ஏறிவிடும். பத்திலிருந்து இரண்டு வரையுள்ள தட்டை வெயில் மட்டும்தான் அவர்களுக்குக் கிடைக்கும். மாஜுலியில் எடுக்கத்தக்கது எல்லாம் அந்த நேரத்துக்கு முன்னாலும் பின்னாலும்தான் இருக்கிறது.

ஆகவே தீவில் இருக்கும்போது உங்கள் நாளை ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னால் தள்ளுங்கள். ஐந்து மணிக்கு எழுந்து ஐந்தரைக்கு வெளியே. பத்து மணிக்குத் திரும்பிச் சாப்பாடு, தூக்கம், பேட்டரி சார்ஜ். இரண்டு மணிக்கு மறுபடி கிளம்பி ஐந்துக்குள் முடித்து, எட்டு மணிக்குப் படுக்கை. இரண்டாம் நாளே உடம்பு பழகிவிடும்.

தீவில் எங்கே

தங்குவதற்குக் கரமூர், கமலாபாரி இரண்டும் வசதி. மூங்கில் குடில்களும் வீட்டோடு தங்கும் இடங்களும் இருக்கின்றன. சோறு, பருப்பு, மீன், கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்த உருளைக்கிழங்கு என்று சாப்பாடு நமக்கு ஒத்துப்போகும்; கடுகெண்ணெய் வாசனை மட்டும் முதல் நாள் தூக்கலாகத் தெரியும். சுற்றிவர ஸ்கூட்டரோ சைக்கிளோ வாடகைக்குக் கிடைக்கும். நான் சைக்கிளையே சொல்வேன், நினைத்த இடத்தில் காலூன்றி நிற்கலாம்.

முதலில் சத்ராக்கள். 15, 16ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த சங்கரதேவர் அஸ்ஸாமில் பரப்பிய வைணவத்தின் மடங்கள் இவை. ஔனியாட்டி, உத்தர கமலாபாரி, தக்கிண்பாட், கரமூர் என்று பல இருக்கின்றன. ஔனியாட்டி 1653இல் நிறுவப்பட்டது. நடுவில் நாம்கர் என்ற நீண்ட பிரார்த்தனைக் கூடம், சுற்றிலும் வரிசையாக பக்தர்கள் எனப்படும் துறவிகளின் அறைகள். சிறு வயதிலேயே வந்து சேர்ந்து அங்கேயே வளர்கிறவர்களும் உண்டு. சத்ரியா நடனம் இங்கே மடத்துக்குள் வளர்ந்தது. 2000இல் சங்கீத நாடக அகாடமி அதைச் செவ்வியல் நடனமாக ஏற்றுக்கொண்டது. செருப்பை வாசலில் கழற்றுங்கள். கருவறைப் பகுதியைப் படம் எடுக்காதீர்கள். வெள்ளை வேட்டி கட்டிய துறவிகளைத் தொட்டுப் பேசுவதும் கூடாது. கூடத்துக்குள் எடுக்கலாமா என்று ஒவ்வொரு மடத்திலும் தனித்தனியாகக் கேட்கவேண்டும். ஒரு மடத்தில் சரி என்றது இன்னொன்றில் செல்லாது.

சாமகுரி சத்ராவுக்கு ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள். முகமூடி செய்யும் இடம். பாவனா என்ற அவர்களுடைய நாடகத்தில் ராவணனும் நரசிம்மமும் பூதகியும் இந்த முகமூடியோடு வருவார்கள். திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியத் தெருக்கூத்து பார்த்து வளர்ந்த வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இது அந்நியமாகவே இருக்காது. நம் கூத்தில் அரிதாரமும் கட்டைகளும் செய்யும் வேலையை அங்கே மூங்கிலும் மண்ணும் செய்கின்றன. மூங்கிலைச் சன்னமாகச் சீவி, கூடை முடைவதுபோல் முகத்தின் கூட்டைப் பின்னுகிறார்கள். குயவர் களிமண்ணைக் கரைத்து அதில் துணியை முக்கி, கூட்டின்மேல் போர்த்திக் காயவைக்கிறார்கள். அப்புறம் சாணமும் களிமண்ணும் பிசைந்த கலவையால் புருவம், மூக்கு, கன்னம் எல்லாம் ஏறுகிறது. காய்ந்ததும் மூங்கில் சீவுளியால் வழவழப்பாக்கி வண்ணம் தீட்டுகிறார்கள். தாடை தனியே அசையும்படியும் சிலவற்றைச் செய்வார்கள். இந்தக் கலைக்காக ஹேம்சந்திர கோஸ்வாமிக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மாஜுலி முகமூடிக்கு 2024இல் புவிசார் குறியீடும் வந்தது.

அங்கே போகிற எல்லோரும் முடிந்த முகமூடியை முகத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் உட்காருங்கள். வண்ணம் ஏறாத, பாதி மண் பூசிய முகத்தின் மேல் ஒரு கட்டைவிரல் புருவத்தை இழுத்துக்கொண்டு போகும், ஈர மண்ணில் விரல் ரேகை பளபளக்கும். அதை எடுக்க 50 மில்லிமீட்டரும், வாசல் பக்கமிருந்து வரும் ஒற்றை வெளிச்சமும் போதும். ஃபிளாஷைத் தொடாதீர்கள், மண்ணின் ஈரம் செத்துவிடும்.

சால்மோரா தீவின் கிழக்கே இருக்கும் குயவர் கிராமம். சக்கரம் இல்லாமல் கையாலேயே தட்டிப் பானை செய்கிறார்கள். பானைகள் படகேறி ஆற்றோரக் கிராமங்களுக்கு விற்பனைக்குப் போகும். மிசிங் கிராமங்களில் வீடுகள் மூங்கில் கால்களின் மேல் நிற்கும், வீட்டுக்கு அடியிலேயே தறி. கூரை நிழலுக்குள் முற்றத்து வெயில் தரையில் பட்டுத் தெறித்து நெய்கிறவர் முகத்தில் மென்மையாக விழும். மத்தியான வேளையிலும் எடுக்கக் கூடிய ஒரே இடம் அது.

பறவைகள் நீர்நிலைகளிலும் மணல் திட்டுகளிலும் இருக்கும். கூந்தன்குளத்துக்கு வரும் பட்டைத்தலை வாத்து இங்கேயும் வரும். பெருநாரைகளையும் பார்க்கலாம். கிட்டே போகாதீர்கள், கூட்டத்தில் ஒன்று தலையைத் தூக்கினால் நீங்கள் போதுமான அளவு வந்துவிட்டீர்கள் என்று பொருள்.

ஆற்றங்கரை விளிம்பில் நிற்கவேண்டாம். மேலே புல், அடியில் தண்ணீர் அரித்த வெற்று மணல், எப்போது சரியும் என்று தெரியாது. 1950 ஆகஸ்ட் 15 அன்று அஸ்ஸாமில் வந்த பெரும் நிலநடுக்கத்தில் பிரம்மபுத்திராவின் படுகை மேடேறி, அதன்பின் அரிப்பு பல மடங்கானது. தீவு தன் பழைய பரப்பில் பாதிக்கும் மேல் இழந்துவிட்டது. வீட்டைப் பிரித்துத் தள்ளிக் கொண்டுபோய் மறுபடி கட்டியவர்களை நீங்கள் சந்திப்பீர்கள். இடிந்த கரையை எடுப்பது சரிதான், ஆனால் வீடிழந்தவர் நிற்கும்போது அவரோடு பேசிவிட்டு எடுங்கள். பேச நேரமில்லை என்றால் எடுக்காதீர்கள்.

மனிதர்களை எடுக்கும் விஷயத்தில் எனக்கு இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. முதலில் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு போங்கள். இந்தி ஓரளவு எல்லோருக்கும் புரியும். அது வராவிட்டால் கேமராவைக் காட்டித் தலையசைத்தால் போதும். வேண்டாம் என்று கை ஆட்டினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். குழந்தைகளுக்கு மிட்டாய், காசு கொடுத்து நிற்கவைக்காதீர்கள். அடுத்து வருகிறவர்களிடமும் கை நீட்டும் பழக்கம் வந்துவிடும். எடுத்ததைத் திரையில் காட்டுங்கள். பெயரையும் ஊரையும் ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள், அஸ்ஸாமிய எழுத்தில் அவர்களே எழுதட்டும்.

திரும்பும்போது

ரயிலோ விமானமோ எந்த நாளோ, அதற்கு முந்தைய நாள் காலையிலேயே தீவை விட்டுக் கிளம்பிவிடுங்கள். பனியால் படகு நிற்கலாம், காற்றால் நிற்கலாம். கடைசிப் படகை நம்பி அன்று ராத்திரி ரயிலைப் பிடிக்கத் திட்டமிடக்கூடாது. ஜோர்ஹாட்டையும் மாஜுலியையும் இணைக்கும் பாலத்துக்கு 2021இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அது முடிந்து வண்டிகள் ஓடும் வரை போக்குவரத்து ஆற்றின் சொல்படிதான்.

தினமும் ராத்திரி கார்டிலிருந்து படங்களை இன்னொரு இடத்தில் நகலெடுத்துவிடுங்கள். இரண்டு பிரதியும் ஒரே பையில் இருக்கக்கூடாது. வரும் வழியில் இரண்டரை நாள் சும்மாதானே இருப்பீர்கள், அங்கேயே உட்கார்ந்து கழிக்கவேண்டியதைக் கழியுங்கள். ஐம்பது நல்ல படம் மிஞ்சினால் தாராளம்.

வேலூர் வந்ததும் முதல் வேலை, நோட்டில் பெயர் எழுதிக் கொடுத்தவர்களின் படங்களை அஞ்சலட்டை அளவில் பிரிண்ட் போடுவது. எந்த ஸ்டூடியோவிலும் பெரிய செலவு ஆகாது. ஈரம் புகாத உறையில் போட்டு, முகவரியை அவர்கள் எழுதியபடியே நகலெடுத்து ஒட்டி, பக்கத்தில் ஆங்கிலத்திலும் எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். கிராமத்து முகவரி கிடைக்காதவர்களுக்குத் தங்கிய வீட்டின் முகவரிக்கே மொத்தமாக அனுப்பினால் அவர்கள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள்.